ஆபரேட்டர் வாசித்த பாட்டும் ஜூஜுவாடிச் சங்கும்

1

நான் குடியிருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடாது. போட்டால் சத்தம் வரும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, புல் வெட்டும் மெஷினை ஓட்டக்கூடாது, கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தட்டக்கூடாது. எங்கள் கட்டடத்தில் வார நாட்களிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். ஜெர்மனியின் தென்மேற்கில், இயந்திரம் செய்கிறவர்கள் நிறைந்த சிற்றூர் இது. வாரம் முழுக்க உலகத்துக்கே சத்தம் போடும் இயந்திரங்களைச் செய்து அனுப்பிவிட்டு, ஞாயிறன்று ஓர் ஆணியின் சத்தத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

கல்லாவியில் பிறந்து, ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை பழகி, பிறகு இங்கே வந்து சேர்ந்தவன் நான். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் என் உடம்பில் ஒட்டிய ஜெர்மன் குணம் இந்த அமைதி ஒன்றுதான். அதையும் ஞாயிறுதோறும் அன்வர் கெடுத்துவிடுவான்.

அன்வர் என் பழைய அறைத்தோழன். உத்தனப்பள்ளித் தக்காளி வியாபாரியின் மகன். தக்காளி வேண்டாமென்று ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கும் மெஷினில் வேலைக்குச் சேர்ந்து, வேலையை விடும்வரை தகடு அடித்தான். அந்தச் சத்தம் அவனுடைய இடது காதை முழுதாக எடுத்துக்கொண்டது. வலது காதில் பாதியை விட்டுவைத்திருக்கிறது. ஆகவே போனில் அவன் கத்துவான். அவனுக்குக் கேட்கவேண்டுமென்று நானும் கத்துவேன். அவனோடு பேசுவதற்கென்றே ஞாயிறு மதியம் கீழே போய், நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொள்வேன். அப்படியும் மாடிவீட்டுக் கெர்டா அம்மாள் படிக்கட்டில் பார்க்கும்போது, "இன்று அன்வர் நலமா?" என்று கேட்பார். கெர்டா அம்மாளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பெயர் அரபுப் பெயர்.

போன வருடம் ஒரு ஞாயிறு, காருக்குள் அன்வரின் குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது.

"பிரான்சிசு! ஆபரேட்டர் வர்றாருடா! பெங்களூருக்கு!"

"எந்த ஆபரேட்டர்?"

"எந்த ஆபரேட்டர்னு கேக்குற பாரு. ஜெர்மன்காரன் ஆயிட்ட நீ. நம்ம ஆபரேட்டர் பா!"

எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே நிறுத்தியிருந்த கார் கண்ணாடியில் என் முகம் சிரிப்பது தெரிந்தது.

"டாக்டர் காதுல மெஷின் வெச்சிக்கோங்கறார். வீட்ல மும்தாஜும் பிடுங்கி எடுக்குறா. நான் சொல்லிட்டன். ஆபரேட்டர ஒருதடவ இந்தக் காதாலயே கேக்கணும். அந்தாண்ட நீங்க எந்த மெஷின வேணாலும் மாட்டிக்குங்கன்னு. நீ வர்ற. வந்தே தீரணும்."

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஆபரேட்டர் வருடம் தவறாமல் நான் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்து ஊரில் வந்து வாசித்துவிட்டுப் போகிறவர். ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஒரு வருடம் மழை, ஒரு வருடம் மகள் ஸ்டெல்லாவின் பரீட்சை, ஒரு வருடம் காரை நிறுத்த இடம் கிடைக்காது என்ற கவலை. ஒருமுறைகூட நான் போனதில்லை. இப்போது பக்கத்து ஊர்க்காரரைப் பார்க்க, விமானம் ஏறி, பெங்களூரில் இறங்கி, ஓசூருக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் பெங்களூருக்கு வரவேண்டும். வருகிறேன் என்று கத்தினேன்.

2

ஆபரேட்டரின் உண்மையான பெயர் எங்கள் அறையில் யார் வாயிலும் நுழையவில்லை. இங்கிலாந்துக்காரர். இப்போது எண்பதை நெருங்குகிறார். ராக் சங்கீதத்தில் புரோகிரசிவ் என்று ஒரு வகை உண்டு. அதைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், மற்றவர்கள் பாட்டை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகும் நேரத்தில் இவர்கள் அப்போதுதான் சுருதி சேர்த்து முடித்திருப்பார்கள். ஒரு பாட்டு இருபது நிமிடத்துக்கு மேல் போகும். தாளம் நடுவழியில் மாறும். பாடுகிறவர் ரொம்ப நேரம் கழித்து வந்து நாலு வரி பாடிவிட்டு மறுபடியும் காணாமல் போவார்.

நாங்கள் ஜூஜுவாடியில் ஓர் அறையில் இருந்தோம். ஜூஜுவாடி என்றால் மாநிலத்தின் விளிம்பு. எங்கள் அறைக்குக் கொஞ்சம் தள்ளிப் போனால் கர்நாடகம். டீக்கடையில் தெலுங்கில் டீ சொல்லி, கன்னடத்தில் சர்க்கரை கம்மி என்று சொல்லி, தமிழில் சண்டை போடுவோம். கம்பெனி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்வர் பிரஸ் ஷாப்பில், நான் டூல் ரூமில். அவன் தகடு அடிக்கும் டையை, அதாவது அச்சை, நான் பழுது பார்ப்பேன்.

குவாலிட்டி பிரிவில் இருந்த ஒரு பெங்களூர்க்காரர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். அட்டைப்படத்தில் ஒரு நீளமுடிக்காரர் நாலு பக்கமும் கீபோர்டுகள் அடுக்கி நடுவில் உட்கார்ந்திருந்தார். அன்வர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான் ரெண்டு கையால ஒரு மெஷின் ஓட்டறன். இந்த ஆளு ரெண்டு கையால அஞ்சு மெஷின் ஓட்டறான். இவன்தான்டா ஆபரேட்டர்."

அன்றிலிருந்து அதுதான் பெயர்.

கேசட்டை ஒரே நாளில் திருப்பித் தரவேண்டும். இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்று பாட மற்றொன்று பதிவு செய்யும் முறை அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை. அறையில் இருப்பவன் இருமக்கூடாது. அன்றைக்கு நான் முதல் ஷிப்ட். அன்வருக்கு வாராந்திர விடுமுறை. கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அவன் தனியாகவே பதிவு செய்து முடித்திருந்தான். சாயங்காலம் நான் வந்ததும் போட்டான்.

பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லா வாத்தியங்களும் ஒவ்வொன்றாக அடங்கி, ஒரே ஓர் அடிச்சுருதி மட்டும் நிற்கும். அங்கே, அந்த அமைதிக்குள், ஒரு சங்கு எழும்பியது. ஆலைச் சங்கு மாதிரி. மெதுவாக ஏறி, உச்சிக்குப் போவதற்குமுன் ஒருமுறை விக்கி, மறுபடி ஏறி, பிறகு இழுத்துக்கொண்டே இறங்கியது. அது அடங்கிய கணத்தில் டிரம்ஸ் இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"கேட்டியாடா! உலகத்துல இருக்குற அத்தன தொழிலாளியோட குரலும் அதுல இருக்குது! அந்த விக்கல் இருக்கு பாரு, அது சும்மா வெச்சதில்ல. அதுக்குள்ள ஒரு அழுக இருக்குது!" என்றேன்.

அரைமணி நேரம் பேசினேன். அடுத்த அறைக்காரர்களைக் கூட்டி வந்து போட்டுக் காட்டிப் பேசினேன். மாதாகோயில் பாட்டுக் குழுவில் நாலு வருடம் பாடியவன் என்ற முறையில், சங்கீதம் பற்றி என் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. அன்வர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்று தொடங்கி, அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் கண்ணை மூடி, ஆள்காட்டி விரலைத் தூக்கி, "வருது, வருது" என்பான். சங்கு வரும். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

3

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பாட்டின் சி.டி. வாங்கினேன். போட்டேன். வாத்தியங்கள் அடங்கின, அடிச்சுருதி நின்றது, டிரம்ஸ் வந்தது. சங்கைக் காணோம்.

அடுத்து நான் செய்த காரியத்தை எங்கள் கம்பெனிக்காரன் ஒருவன்தான் செய்வான். பழுதான சரக்கு என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போனேன். டூல் ரூமில் வளர்ந்தவனுக்குக் குறை என்றால் ரிஜெக்‌ஷன்தான். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், பொறுமைசாலி. என்ன குறை என்று கேட்டார். எனக்கு அப்போது ஜெர்மன் மொழியில் விலை கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டுமே தெரியும். ஆகவே கல்லாவின் முன்னால் நின்று ஊதிக் காட்டினேன். விக்கலோடு சேர்த்து. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவர் சிரிக்கவில்லை. சி.டி.யை வாங்கிப் போட்டுக் கேட்டார். சங்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார். வேறொரு சி.டி. எடுத்துத் தந்தார். அதிலும் இல்லை. பழைய இசைத்தட்டை எடுத்துப் போட்டார். அதிலும் இல்லை. கடைசியில் என் தோளைத் தொட்டு, உங்கள் நாட்டுக்கென்று தனிப் பதிப்பு வந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் அதையும் நம்பினேன். இந்தியத் தொழிலாளிகளுக்கென்று ஆபரேட்டர் தனியாகச் சங்கு சேர்த்து அனுப்பியிருக்கிறார் என்று கொஞ்ச நாள் பெருமையாகவும் இருந்தது.

முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஜூஜுவாடி டீக்கடையில் அன்வரின் ஷிப்ட் முடியக் காத்திருந்தேன். கம்பெனிச் சங்கு ஊதியது. ஏறியது, விக்கியது, ஏறியது, இழுத்துக்கொண்டு இறங்கியது. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

தினமும் கேட்ட சங்கு எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். பிற்பாடு ஸ்டெல்லாவும் அதைத்தான் கேட்டாள். அந்தக் காலத்து ஓசூர் மின்சாரத்தில் டேப் ஓடின வேகம் ஒரு நிலையில் நிற்காது. பதிவில் சங்கு இழுபட்டு, கனத்து, வேறு ஏதோவாக இருந்தது. அதைவிட முக்கியமான காரணம், வெளிநாட்டுக் கேசட்டில் வருகிற சத்தமெல்லாம் வெளிநாட்டுச் சத்தம் என்று நம்பிய வயது. தொழிலாளியின் குரல் என்று அரைமணி நேரம் பேசியவனுக்கு, தன் கம்பெனியின் குரல் தெரியவில்லை.

அன்வர் வந்தான். சட்டையைப் பார்த்துச் சிரித்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. அவன் விரலைத் தூக்கும் விதமும் அந்த நிம்மதியும் கண்முன் வந்துவிட்டன. அதை எப்படி உடைப்பது? அடுத்தடுத்த வருடங்களில் அவன் காது போனது. போனில் பாட்டுக் கேட்கும் வழக்கம் அவனுக்கு வரவே இல்லை. எனக்குத் தலைக்குள்ளயே டேப் ஓடுது என்பான். கம்பெனியையும் மூடிவிட்டார்கள். சங்கு இல்லாத பாட்டை அவன் கேட்கப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

இப்போது ஆபரேட்டரே நேரில் வருகிறார், சங்கு இல்லாமல். மிச்சமிருக்கும் பாதிக் காதை அதற்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டு அன்வர் காத்திருக்கிறான்.

4

ஜெர்மன் குடியுரிமை வாங்கிவிட்டதால், சொந்த ஊருக்குப் போக எனக்கு இப்போது தனி அட்டை உண்டு. அதைப் புதுப்பிக்கக் கொடுத்த புகைப்படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இந்தப் பயணம் முழுக்கக் காதுக்காகத்தான் என்று அந்த அலுவலருக்கு எப்படித் தெரிந்ததோ. காது தெரியும்படி இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டெல்லாவும் வந்தாள். பதினேழு வயது. அவளுடைய தமிழ் ஞாயிறுப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அவளுடைய பாட்டுகள் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். என் பாட்டு எப்போது தொடங்கும் என்று பாதியில் கேட்பாள். அவள் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே, எண்பது வயதில் ஒருவர் மேடையேறிச் சத்தம் போடுவதைப் பார்க்கும் ஆசையில்தான்.

ஓசூரில் இறங்கிய காலையில், டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டியதும் என் வாய் தன்னால் "டாங்க" என்றது. ஜெர்மனில் நன்றி. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பர்வாகில்லா சார்" என்று கன்னடத்தில் பதில் சொன்னார். இந்த ஊரில் புரியாத எதுவும் பக்கத்து மாநிலத்து மொழியாகத்தான் இருக்கவேண்டும். ஸ்டெல்லா மட்டும் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்வர் வீட்டில் அவன் மனைவி மும்தாஜ் கோழிக் குழம்பு வைத்திருந்தார். பரிமாறிக்கொண்டே குறைபட்டுக்கொண்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா. குக்கர் விசில் கேக்கல, காலிங் பெல் கேக்கல, நான் கூப்புடுறது சுத்தமா கேக்கல. கேட்டா, ஆபரேட்டர் வரட்டுங்கறார். அந்த ஆளு வராம போயிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாரு?"

"நீ கூப்புடுறது கேக்கும்" என்றான் அன்வர். "எந்திரிக்கத்தான் மாட்டன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று என் பக்கம் சாய்ந்தான். "பிரான்சிசு, லைவுல வாசிக்கறப்போ சிலத மாத்திருவாங்களாமே? கேசட்டுல இருக்குறது அப்பிடியே வரும்னு சொல்ல முடியாது, இல்ல?"

அவனே தன்னைத் தயார் செய்துகொள்கிறான் என்று நினைத்தேன்.

"ஆமாடா" என்று கத்தினேன். "வயசாயிடுச்சி இல்ல. சின்னச் சின்ன சத்தமெல்லாம் விட்ருவாரு. நாம அத மனசுல வெச்சிக்கக் கூடாது."

"வெச்சிக்கக் கூடாது, வெச்சிக்கக் கூடாது" என்று அவன் வேகமாகத் தலையாட்டினான். அவனுக்குத் தைரியம் சொல்லிவிட்ட திருப்தியில் நான் இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு படுக்கும்போது ஒரு திட்டம் வந்தது. அவனுடைய வலது காது கிட்டத்தில் பேசினால் கேட்கும். நான் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, அந்த இடம் வந்ததும் அவன் காதோரம் குனிந்து நானே ஊதிவிட வேண்டியது. மேடையிலிருந்து வந்ததாகவே அவன் நினைப்பான். கண்ணைத்தான் மூடியிருப்பானே. ஐம்பது வயதைத் தாண்டிய, வருமான வரியை ஒழுங்காகக் கட்டுகிற ஒரு மனிதன் இப்படியும் யோசிப்பானா என்று நீங்கள் நினைக்கலாம். நான் யோசித்தேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகையும் பார்த்தேன்.

5

கச்சேரி சாயங்காலம் நாலு மணிக்கு. ஆறு மணிக்கு மேல் ஆபரேட்டர் வாசிப்பதில்லை என்று டாக்டர் உத்தரவாம். அன்வரின் பழைய வேனை நான் ஓட்டினேன். அன்வர் ஜும்மாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அத்திப்பள்ளி தாண்டும்வரை லாரிகளுக்கு நடுவே நான் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை.

"எனக்குத்தான் காது கேக்கல. அந்த லாரிக்காரனுக்கு என்ன கேடு? அடிடா ஹாரன!"

அரங்கத்தின் வாசலில் கறுப்பு பனியன் போட்ட நரைத்தலைகள் கூடியிருந்தன. எல்லோருடைய பனியனும் இளமைக் காலத்தில் வாங்கியது, வயிறு மட்டும் பிறகு வந்தது. உள்ளே உட்கார்ந்ததும் ஸ்டெல்லா தன் பையிலிருந்து பஞ்சுத் தக்கைகளை எடுத்தாள். அவள் ஊரில் கச்சேரிக்குப் போகிற பிள்ளைகள் காதைக் காப்பாற்ற அதைச் செருகிக்கொள்வார்கள். எனக்கு இரண்டு தந்தாள். மாமாவுக்கும் என்று அன்வரிடம் இரண்டு நீட்டினாள்.

அன்வர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"கம்பெனியிலயும் குடுத்தாங்க கண்ணு. நான்தான் போடல. போட்டா, நான் பாடறது எனக்கே கேக்காது."

பிரஸ் ஷாப்பில் அவன் பாடிக்கொண்டே தகடு அடிப்பான் என்பது எனக்குத் தெரியும். காதைக் கொடுத்துப் பாட்டை வைத்துக்கொண்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டெல்லா தக்கைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

ஆபரேட்டர் ஊன்றுகோலோடு வந்தார். நீளமுடி போய் வழுக்கை மின்னியது. பேரன் வயதுப் பையன்கள் கைகொடுத்து அவரைக் கீபோர்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஷிப்ட் தொடக்கத்தில் மெஷினைத் தொட்டுப் பார்க்கிற அதே கை. அன்வர் என் தொடையில் ஓங்கி அடித்தான்.

"பாத்தியா? ஆபரேட்டர்டா!"

பிறகு அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொண்டான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்பதைப் பிரஸ் ஷாப்பில் காலால்தான் கேட்பார்கள். டிரம்ஸ் தொடங்கியதும் அவன் முகம் மலர்ந்தது. கீபோர்டு மேல் ஸ்தாயிக்குப் போனபோதெல்லாம் அந்த முகத்தில் ஒரு தேடல் வந்தது. ஆபரேட்டரின் விரல்கள் ஓடுகின்றன, சத்தம் வந்து சேரவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டே, விட்டுப்போனதைத் தலைக்குள் ஓடும் டேப்பால் நிரப்பிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக அந்தப் பாட்டு வந்தது. பாதி தூரம் போனது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கத் தொடங்கின. அன்வர் கண்ணை மூடி விரலைத் தூக்குவான் என்று காத்திருந்தேன். அவன் தூக்கவில்லை. நான் மூச்சை இழுத்தேன். அடிச்சுருதி மட்டும் நின்றது. அரங்கமே அமைதியானது. நான் அவன் காதுப் பக்கம் குனிந்தேன்.

அதே நேரத்தில் அவன் என் பக்கம் திரும்பினான். நான் ஊதினேன். அவனும் ஊதினான்.

மூக்கோடு மூக்கு முட்டும் தூரத்தில், இரண்டு பேரும் வாயைக் குவித்து, ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தோம். நிறுத்தவும் தெரியவில்லை. ஏறினோம். ஒரே இடத்தில் விக்கினோம். மறுபடி ஏறி, இழுத்துக்கொண்டு இறங்கினோம். அவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. ஜூஜுவாடிச் சங்கு பெங்களூர் அரங்கத்தின் கூரைவரை போனது.

மேடையில் ஆபரேட்டர் தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்கள் பக்கம் பார்த்தார். மெஷினில் புதுசாக ஏதோ சத்தம் வருகிறதே என்கிற பார்வை. நாங்கள் இறங்கி முடிக்கும்வரை அடிச்சுருதியிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு டிரம்ஸ்காரப் பையனுக்குத் தலையை அசைத்தார். டிரம்ஸ் இறங்கியது.

காவலாளி ஒருவர் குனிந்தபடி ஓடி வந்தார். "ஏனாயித்து சார்?" என்ன ஆயிற்று என்று பதற்றமாகக் கேட்டார்.

"ஏனில்லா சார்" என்றான் அன்வர் கன்னடத்தில். "ஷிப்ட் முகீத்து." ஒன்றுமில்லை, ஷிப்ட் முடிந்துவிட்டது என்றான்.

6

திரும்பும் வழியில் ஜூஜுவாடியில் டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் அறை இருந்த இடத்தில் இப்போது டயர்க்கடை. கம்பெனி இருந்த இடத்தில் நீளமான குடோன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. ஸ்டெல்லா வேன் கதவைத் திறந்து வைத்து உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டுல சங்கு இல்லன்னு உனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு எப்பிடித் தெரியுமா? ரெக்கார்டு பண்ணது யாரு, உங்க மாதாகோயில் ஃபாதரா? போர்வ எல்லாம் கட்டி, மூச்சக்கூட அடக்கி ஒக்காந்திருக்கறன். சரியா அந்த எடத்துல நம்ம கம்பெனிக்காரன் ஊதறான். தலயில அடிச்சிக்கிட்டன். இன்னொரு தடவ எடுக்க டைம் இல்ல. நீ வந்தா திட்டுவன்னு பயந்துட்டுதான் போட்டன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எப்பிடிடா சொல்றது? நீ வந்து கேட்டுட்டு கண்ணுல தண்ணி வெச்சிக்கிற. உலகத் தொழிலாளிங்கற, அழுகங்கற. பக்கத்து ரூம்காரனயெல்லாம் கூட்டியாந்து உக்கார வெச்சிப் பேசற. அந்த நேரத்துல அது நம்ம கம்பெனி சங்குடான்னு நான் எந்திரிச்சிச் சொல்லவா? அந்தாண்ட உனக்காகத்தான் வெரலத் தூக்கிட்டே இருந்தன். பழகிப்போச்சி. ஆபரேட்டர் வர்றாருன்னதும்தான் பக்குனுச்சி. அவ்ளோ தூரத்துலருந்து வர்றான், சங்கு வரலன்னா நொந்துபோயிடுவானேன்னு."

நான் கடைக்காரரிடம் சி.டி.யைத் திருப்பிக்கொண்டுபோன கதையைச் சொன்னேன். கல்லா முன்னால் ஊதினதையும் சொன்னேன். அன்வர் டீயைக் கீழே வைத்துவிட்டு, டயர்க்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முப்பது வருடமாக இரண்டு பேரும் ஒருவனுக்காக ஒருவன் ஒரே பொய்யைச் சுமந்திருக்கிறோம். என்னை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு யாருமில்லை என்று அப்போது தோன்றியது. அதைக் கத்திச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

"பாட்டு எவ்ளோ கேட்டுச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"பாதி" என்றான். "மேல போனதெல்லாம் வரல. அவரு வெரலுதான் தெரிஞ்சிது." கீழே வைத்த டீயை எடுத்துக் குடித்து முடித்தான். "நீ ஊதினது மட்டும் முழுசாக் கேட்டுச்சி. திங்கக்கெழம போயி மெஷின் வெச்சிக்கறன். மும்தாஜுக்குச் சொல்லிட்டன்." பிறகு வலது காதை என் பக்கம் நீட்டினான். "எங்க, இன்னொரு தடவ ஊது."

குடோனைப் பார்த்து நின்றுகொண்டு ஊதினேன். லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டு ஸ்டெல்லா வேனிலிருந்து இறங்கி வந்தாள். காதிலிருந்த பஞ்சுத் தக்கைகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, நானும் ஊதவா?" என்று தமிழில் கேட்டாள்.

வலப்பக்கம் நான் நின்றிருந்ததால் அவள் அன்வருக்கு இடப்பக்கம் போனாள். எக்கி நின்று, கையைக் குவித்து, அவனுடைய இடது காதில் ஊதினாள். விக்கலைக்கூட விடவில்லை. அன்வர் கண்ணை மூடிக்கொண்டான். ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

"வருது கண்ணு, வருது" என்றான். அவன் முகத்தில் அதே நிம்மதி தெரிந்தது.

அந்தக் காதில் எதுவுமே கேட்காது என்று நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.